டோக்கன் 47: 'வாயு' என்று வந்த ஒரு பெரியம்மா

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணித் தாய்மார்கள் நாள். தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். எடை, பி.பி., ஹீமோகுளோபின், கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் சரிபார்ப்பு, சர்க்கரைப் பரிசோதனைக்காக 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது என்று காலை முழுக்க அதிலேயே போய்விடும். காய்ச்சலும் நாய்க்கடியும் கிழமை பார்த்து வருவதில்லை, அதனால் வழக்கமான ஓ.பி. கூட்டமும் அதே பெஞ்சுகளில் வந்து உட்காரும். முன்பதிவு, நேரம் குறித்துக் கொடுப்பது எதுவும் நம்மிடம் கிடையாது. கதவைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் எதற்காக வேண்டுமானாலும் வரலாம். அரசு ஆஸ்பத்திரியின் பெருமையே அதுதான். அந்தப் பெருமையின் பாரம் முதலில் வந்து விழுகிற இடம் செவிலியரின் மேஜை. எங்கள் நிலையத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததை அதற்காகத்தான் முழுசாக எழுதுகிறேன்.

நோயாளியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். வயது, தேதி, அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையும் என் பிழையும் மட்டும் நடந்தது நடந்தபடியே.

முதலில் இடம். தென் மாவட்டம் ஒன்றில் வானம் பார்த்த பூமி, மிளகாயும் பருத்தியும், மீதி கருவேலங்காடு. 24 மணி நேரமும் இயங்குகிற நிலையம், என்னையும் சேர்த்து மூன்று செவிலியர்கள் ஷிப்டு முறையில். எண்ணிக்கையில் மூன்று என்றாலும் பகலில் ஓ.பி. பக்கம் நிற்பது ஒருவர்தான். ஒருவர் இரவு முடித்துப் போயிருப்பார், ஒருவர் பிரசவ அறையிலோ வார ஓய்விலோ இருப்பார். சர்க்கரை, பி.பி. போன்ற தொற்றா நோய்களைப் பார்க்கிற என்.சி.டி. பிரிவுக்கு என்று தனியாக ஒரு சிஸ்டர் உண்டு, அன்றைக்கு அவர் பயிற்சிக்காக மாவட்டத் தலைநகருக்குப் போயிருந்தார். மருத்துவர் ஒருவர், உள்ளறையில் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓ.பி. சீட்டு எழுதுவது மருத்துவமனைப் பணியாளர் அக்கா. சீட்டோடு சேர்த்து, சின்னதாகக் கிழித்த நோட்டுத் தாளில் பேனாவால் எண் எழுதித் தருவார். அதுதான் எங்கள் டோக்கன்.

நடந்தது இது

ஒன்பதே காலுக்குள் பெஞ்சு நிறைந்துவிட்டது. நான் பி.பி. மேஜையில் இருந்தேன். டோக்கன் வரிசைப்படி கூப்பிடுவது, பி.பி. பார்ப்பது, காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் வைப்பது, சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவது, நடுவில் ஊசி, கட்டுப் போடுவது. அன்றைக்கு ஒன்பது வயசுப் பையன் ஒருவனை நாய் கடித்து அழைத்து வந்திருந்தார்கள். கெண்டைக்காலில் காயம், மேலே மஞ்சள்தூள் அப்பியிருந்தது. குழாயடியில் உட்காரவைத்து சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் அவன் மாமா "கழுவியாச்சு சிஸ்டர்" என்று வந்து நின்றார். மறுபடி கூட்டிக்கொண்டு போய், ரேபிஸ் விஷயத்தில் இந்தக் கழுவுதல் ஊசிக்குச் சமமான வேலை என்று புரியவைத்துவிட்டுத் திரும்பும்போது, இன்னொருவர் தன் மகனுக்குக் காய்ச்சல், தான் எட்டரைக்கே வந்தாயிற்று, வேலைக்குப் போக வேண்டாமா என்று குரலை உயர்த்த ஆரம்பித்திருந்தார். செங்கல் சூளையில் வேலை செய்கிற வடமாநிலத் தம்பதி ஒன்று கைக்குழந்தையோடு நின்றது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி நாலு வார்த்தை.

இவ்வளவுக்கும் நடுவில், சுவரோரப் பெஞ்சின் கடைசியில், 50 வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். சர்க்கரைக்கு நம்மிடமே மாத்திரை வாங்குகிறவர்தான், ஆனால் மாதாமாதம் வருகிற ஆள் இல்லை. அவர் வந்தது 9.20-க்கு என்று ஓ.பி. நோட்டில் இருக்கிறது. டோக்கன் எண் 47. சீட்டில் 'வயிற்று வலி, வாயு' என்று எழுதியிருந்தது.

நான் அவரை முதலில் பார்த்தது சுமார் 9.30-க்கு. பார்த்தேன் என்றால் கடந்து போகும்போது பார்த்தேன், அவ்வளவுதான். "என்ன பெரியம்மா?" என்று கேட்டதற்கு, "வாயு அடைச்சிருக்கு தாயி, ஒரு ஊசியப் போட்டு விடு, போயிருவேன்" என்றார். கையை மேல்வயிற்றில் வைத்திருந்தார். "டோக்கன் வரட்டும், கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். இந்த ஒரு வரியைத்தான் பிறகு பல ராத்திரி திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன்.

9.45 வாக்கில் அவர் முறை வர இன்னும் ஏழெட்டு பேர் இருந்தார்கள். கைக்குழந்தைக்காரர்களைப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளை முதல்ல போகட்டும்" என்று அவரே விட்டுக்கொடுத்திருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது, பக்கத்தில் இருந்தவர் பிறகு சொன்னார். 9.55-க்கு 47 என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டோக்கனை வாங்கினேன். தாள் நனைந்து சோறு மாதிரிக் குழைந்திருந்தது. நாலு தெரிந்தது, ஏழு நீல மையாகக் கரைந்து அவர் உள்ளங்கை ரேகைக்குள் ஓடியிருந்தது. வெளியே அப்படி ஒன்றும் வெயில் இல்லை, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கையைத் தொட்டேன், சில்லென்று ஈரம். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், முந்தானை முறுக்கிப் பிழியலாம் போல் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாடி 48. பி.பி. 96-க்கு 60. பல்ஸ் ஆக்சிமீட்டரில் 97, அது நல்ல எண். அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் மறுபடியும் ஏமாந்திருப்பேன். சர்க்கரை 312. கையைப் பிடித்துக்கொண்டு ஊசி அறைக்குள் கூட்டிப் போனேன், நடக்கவிட்டதே தப்பு, சக்கர நாற்காலியை இழுத்திருக்க வேண்டும். ஈ.சி.ஜி. மெஷின் பீரோவுக்குள் இருந்தது. சாவி மேஜை டிராயரில். ஜெல் தீர்ந்துபோயிருந்தது, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து வைத்தேன். அந்த அறையில் திரைச்சீலை ஒரு பக்கம்தான். ரவிக்கையைத் தளர்த்தச் சொன்னபோது அவர் தயங்கிக் கதவைப் பார்த்தார். பணியாளர் அக்கா ஓடிவந்து புடவையை விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றார். பத்து மணி தாண்டி இரண்டு நிமிடத்தில் தாள் வெளியே வந்தது. இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். லீடுகளில் எஸ்.டி. என்கிற கோட்டுப் பகுதி மேலே தூக்கியிருந்தது. இதயத்தின் அடிப்பகுதிச் சுவரில் மாரடைப்பு. அதை முழுசாகப் படிக்கிற அளவு எனக்குப் பயிற்சி கிடையாது, ஆனால் சரியாக இருக்கிற ஈ.சி.ஜி. எப்படி இருக்கும் என்று தெரியும். இது அது இல்லை.

மருத்துவர் மேடம் கர்ப்பிணி ஒருவரைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். தாளைப் பார்த்ததும் லோடிங் டோஸ், அதாவது முதலிலேயே மொத்தமாகக் கொடுக்கிற மாத்திரைகளை, எடுக்கச் சொன்னார். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தால் இந்த மாத்திரைகள் இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் தயாராக இருக்கின்றன: ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் நாலு, அட்டார்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் எட்டு, ஆக மொத்தம் 14 மாத்திரை. பதினாலையும் கையில் கொட்டியபோது "இம்புட்டா?" என்று கேட்டார் பெரியம்மா. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லி, மற்றதைத் தண்ணீரோடு கொடுத்தோம். நாக்குக்கு அடியில், ரத்தக்குழாயை விரிக்கிற சார்பிட்ரேட் மாத்திரை வைக்கலாமா என்று நான் கேட்டேன், மேடம் வேண்டாம் என்றார். பி.பி. ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது, அடிச்சுவர் மாரடைப்பில் வலது கீழறையும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கலாம், அப்போது அந்த மாத்திரை பி.பி.யை மேலும் இறக்கிவிடும். இதை அன்றைக்குத்தான் உறைக்கக் கற்றுக்கொண்டேன். நெஞ்சுவலி என்றால் சார்பிட்ரேட் என்று பழக்கத்தில் எடுக்கிற கை நம் பலரிடமும் உண்டு, தயவுசெய்து முதலில் பி.பி. பாருங்கள்.

108-க்குச் சொன்னோம். பத்தரை வாக்கில் வண்டி வந்தது. கையில் லைன் போட்டு, ஈ.சி.ஜி. தாளையும் மாத்திரை கொடுத்த நேரத்தையும் பின் அடித்து அனுப்பினோம். மேடம் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து முன்கூட்டியே சொல்லிவிட்டார், அதனால் அங்கே போய் மறுபடி வரிசை இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட் ஏற்றினார்கள். பிறகு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆஞ்சியோ, வலது ரத்தக்குழாயில் ஸ்டென்ட், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில். பிழைத்துக்கொண்டார். இப்போது மாதாமாதம் வருகிறார்.

அவர் பிழைத்தார் என்பதால் நடந்தது சரி என்று ஆகிவிடாது. நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும் என்பதுதான் மாரடைப்புச் சிகிச்சை வழிகாட்டுதல்கள் சொல்வது. நான் எடுத்தது 42 நிமிடத்தில். அடைபட்ட ரத்தக்குழாய்க்குப் பின்னால் இருக்கிற தசை நிமிடக் கணக்கில் செத்துக்கொண்டிருக்கும்போது அந்தம்மா என் கண் முன்னாலேயே, பத்தடி தூரத்தில், ஒழுங்காக வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பிரின் என்ன பெரிய மருந்தா என்று கேட்கிறவர்களுக்கு: 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகளிடம் பார்த்தார்கள். மாரடைப்பு சந்தேகப்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்ததிலேயே ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய் காரணமான இறப்புகள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தன. அவ்வளவு மலிவான மாத்திரை, என் பீரோவுக்குள்ளேயே இருந்தது.

எங்கே தவறியது

மறுநாள் நானும் மேடமும் பணியாளர் அக்காவும் மருந்தாளுநரும் உட்கார்ந்து பேசினோம். யாரையும் குற்றம் சொல்வதற்கு இல்லை. மேடம் முதல் வாக்கியமே அப்படித்தான் ஆரம்பித்தார், அதற்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். பயந்துபோன செவிலியர் உண்மையைச் சொல்லமாட்டார், உண்மை தெரியாமல் எதையும் சரிசெய்ய முடியாது.

முதலில் அந்த வார்த்தை. 'வாயு' என்று எங்கள் ஊரில் சொன்னால் அது ஏப்பமாகவும் இருக்கலாம், முதுகுப் பிடிப்பாகவும் இருக்கலாம், தோள்பட்டை வலியாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வாயு என்று வருகிறார்கள், ரானிடிடின் ஊசி, பான்டோபிரசோல் என்று நம் கையும் அதற்கே பழகிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது சினிமாவில்தான் அடிக்கடி நடக்கும். பெண்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், வயதானவர்களுக்கும் மாரடைப்பு மேல்வயிற்று எரிச்சலாக, வாந்தியாக, வெறும் வியர்வையும் களைப்புமாக வரலாம். இதை நர்சிங் படிக்கும்போதே படித்தோம். எங்கள் பெரியம்மா பெண், சர்க்கரை நோயாளி, வயது 50-க்கு மேல். மூன்றும் இருந்தது. சீட்டில் எழுதியிருந்த 'வாயு' மூன்றையும் மறைத்துவிட்டது. நோயாளியே தன் நோய்க்குப் பெயர் வைத்துக்கொண்டு வருவதும், அந்தப் பெயரை நாம் சீட்டில் அப்படியே இறக்கிவைப்பதும், அப்புறம் அந்தச் சீட்டைப் பார்த்து நாமே நம்புவதும், இந்த மூன்று படியில் பின்னிரண்டும் நம்முடையவை.

அடுத்தது சத்தம். அன்றைக்கு என் நேரம் யாருக்குப் போனது என்று யோசித்துப் பார்த்தேன். காய்ச்சல் பையனின் அப்பாவைச் சமாதானப்படுத்தவே பத்து நிமிடம் போயிருக்கும். பையனுக்கு 100 டிகிரி, விளையாடிக்கொண்டிருந்தான். சத்தம் போடுகிறவருக்கு மூச்சு இருக்கிறது, ரத்த ஓட்டம் இருக்கிறது, தெம்பு இருக்கிறது. உண்மையிலேயே முடியாதவர் பேசமாட்டார். இது பச்சைக் குழந்தைக்கும் பொருந்தும். அழுகிற குழந்தையைவிட அழாமல் தோளில் துவண்டு கிடக்கிற குழந்தைதான் முதலில் பார்க்கப்பட வேண்டியது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்கவில்லை, இவை நாலும் உலக சுகாதார நிறுவனம் குழந்தை நோய்களுக்குச் சொல்கிற அபாய அறிகுறிகள். ஆனால் கூட்டத்தில் காதுதான் நம்மை இழுக்கிறது, கண் பின்னால் போய்விடுகிறது. சத்தம் போட்டவரையும் நான் குறை சொல்லமாட்டேன், அரை நாள் கூலி போனால் அன்றைக்கு அவர் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பெரியம்மாவிடம் ஒரு மாதம் கழித்துக் கேட்டேன், "அவ்வளவு வலிச்சும் ஏன் கூப்பிடல?" என்று. "நீதான் அந்தப் பையனுக்குக் காலைக் கழுவிக்கிட்டு நின்ன. எல்லாருந்தான் காத்திருக்காக. நமக்கு மட்டும் என்ன?" என்றார். வரிசை என்பது நம் ஊரில் நியாயத்தின் அடையாளம். முதலில் வந்தவருக்கு முதலில் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்த நியாயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், விட்டுக்கொடுக்கிற குணம் உள்ளவர்தான் கடைசியில் நிற்பார்.

மூன்றாவது, ஒரு பொது இடத்தில் கேள்வி கேட்கிற சங்கடம். பி.பி. மேஜை பெஞ்சுக்கு முன்னாலேயே இருக்கிறது. அங்கே நின்று "வெள்ளைப்படுதா? ரத்தப்போக்கு இருக்கா? மாத்திரை ஏதும் போட்டியா?" என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? கல்யாணமாகாத பெண்ணின் வயிற்றுவலி, பூச்சிமருந்து குடித்துவிட்டு வீட்டார் மறைக்கிற வாந்தி, புருஷன் அடித்த காயத்துக்கு 'வழுக்கி விழுந்துட்டேன்', எல்லாம் இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில், சீட்டில் எழுதியிருப்பது பாதிதான் நிஜம்.

ஊசிக் கேட்பு இன்னொரு தலைவலி. "மாத்திரை வேணாம், ஊசியப் போடு" என்று நிற்கிறவரிடம் தேவையில்லை என்று விளக்க ஐந்து நிமிடம் வேண்டும், போட்டு அனுப்ப ஒரு நிமிடம் போதும். எண்பது பேர் நிற்கும்போது எது நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெரியம்மா கேட்டதும் ஊசிதான். ஒருவேளை 9.30-க்கு நான் அவசரத்தில் ஒரு வாயு ஊசியைப் போட்டு அனுப்பியிருந்தால், அவர் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

கடைசியாக, பதிவேடுகள். ஒரு செவிலியர் காலையில் எழுதுகிற நோட்டுகளையும், செயலியில் ஏற்றுகிற எண்களையும் எண்ணிப் பார்த்தால் தெரியும். பார்த்த பி.பி. எத்தனை, போட்ட ஊசி எத்தனை, எடுத்த ஈ.சி.ஜி. எத்தனை, எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. பெஞ்சைச் சுற்றி ஒரு முறை நடந்து முகங்களைப் பார்த்தேன் என்பதற்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத வேலை, நேரம் நெருக்கும்போது முதலில் விட்டுப்போகும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, பி.பி. நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறோம், அது உண்மையிலேயே நல்ல திட்டம், எங்கள் ஊரிலேயே பல பேர் அதனால்தான் மாத்திரையை விடாமல் இருக்கிறார்கள். பெரியம்மா பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது, இரண்டு மாதம் முன்னால் சர்க்கரை 287 என்று என்.சி.டி. பதிவில் இருந்தது. அவர் தானாக நடந்து ஓ.பி.க்கு வந்தபோது அந்தத் தகவல் ஓ.பி. மேஜையில் இல்லை. ஒரே கட்டடம், இரண்டு நோட்டு.

அதற்குப் பிறகு செய்தது

பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கு வழி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய, யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கிற தரம்பிரிப்பு முறையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளிலும் இதே நிறங்களைத் தரையிலும் சுவரிலும் பார்க்கலாம். ஆனால் அங்கே அவசரத்துக்கு என்று தனி வாசல், அதற்கென்றே ஒரு செவிலியர். எங்களுக்கு ஒரே வாசல், அதிலேயே கர்ப்பிணி, அதிலேயே பாம்புக்கடி, அதிலேயே சான்றிதழுக்குக் கையெழுத்து.

முதலில் நிறத்தைத்தான் நாங்களும் முயன்றோம். முடியாதவர்களுக்குச் சிவப்பு டோக்கன். இரண்டு வாரம்கூட ஓடவில்லை. எனக்கு ஏன் சிவப்பு இல்லை, அவருக்கு ஏன் கொடுத்தாய், அவர் உன் சொந்தக்காரரா, தலைவர் ஆளா என்று சண்டை. சிவப்பு வாங்குவதற்காக 'நெஞ்சு வலி' என்று சொல்ல ஆரம்பித்தார்கள் சிலர். ஒரு நாள் சிவப்புச் சீட்டு வாங்கிய ஒரு வயசானவர், தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயந்து அழுதுவிட்டார். நிறத்தை எடுத்துவிட்டோம்.

இப்போது செய்வது ரொம்பச் சாதாரணமானது. காலையில் நோட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சுற்று, அப்புறம் இருபது நிமிடத்துக்கு ஒரு சுற்று, நான் எழுந்து பெஞ்சு நெடுக நடந்து முகங்களைப் பார்க்கிறேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. வியர்வை, மூச்சு வாங்குவது, உதடு நிறம், உட்காருகிற விதம், ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடிகிறதா, குழந்தை அம்மாவைப் பார்க்கிறதா. சந்தேகம் வந்தால் கையைத் தொடுகிறேன். தொடுவது முக்கியம், சில்லிட்ட ஈரக் கையை எந்த மெஷினும் எனக்குச் சொல்லித் தராது. சுவரில் ஒரு அலாரம் கடிகாரம் வைத்திருக்கிறோம். அது அடித்தால் எந்த வேலையில் இருந்தாலும் கையில் இருப்பதை முடித்துவிட்டு எழ வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. கூட்டம் அதிகமான நாளில் இதுதான் முதலில் விட்டுப்போகப் பார்க்கும், அதனால் நான் எழாவிட்டால் மருந்தாளுநர் ஜன்னலிலிருந்து கூப்பிடுவார்.

சீட்டு எழுதுகிற அக்காவுக்கு மேடமே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வாயு, நெஞ்சு கரிப்பு, தோள்பட்டை குடைச்சல், மேல்வயிறு எரிச்சல், தலைசுற்றல், இதில் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது "வேர்க்குதா? சுகர் மாத்திரை சாப்பிடுறீங்களா? எப்ப இருந்து?" என்ற மூன்றுதான். வேர்க்கிறது என்றால், அல்லது 40 வயதுக்கு மேல், அல்லது சுகர் இருக்கிறது என்றால், டோக்கன் கிடையாது, நேராக ஈ.சி.ஜி. அவர் பத்தாவது வரை படித்தவர், ஆனால் ஊரில் பாதிப் பேரின் வீட்டுக் கதை அவருக்குத் தெரியும். யார் சும்மா சொல்கிறார்கள், யார் குறைத்துச் சொல்கிறார்கள் என்று அவருக்கு இருக்கிற நிதானம் எனக்கு வராது. முதல் மாதத்திலேயே அவர் பிடித்தது ஒரு குழந்தையை. வயிற்றுப்போக்கு என்று தோளில் தூங்க வைத்துக்கொண்டு வந்த குழந்தை தூங்கவில்லை, துவண்டிருந்தது. "சிஸ்டர், இந்தப் புள்ள முழியே சரியில்ல" என்று உள்ளேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஈ.சி.ஜி. மெஷினைப் பீரோவிலிருந்து எடுத்து ஊசி அறை மேஜையில் நிரந்தரமாக வைத்தோம். திரைச்சீலை முழுசாகப் போட்டோம், துணி மேடம் வாங்கிக் கொடுத்தது. ஜெல் இருக்கிறதா, பேப்பர் ரோல் இருக்கிறதா, லோடிங் டோஸ் பாக்கெட் காலாவதி ஆகவில்லையா என்று திங்கட்கிழமை சாயங்காலம் பார்க்கிறோம், ஏனென்றால் மறுநாள் செவ்வாய். இப்போது ஈ.சி.ஜி. நிறைய எடுக்கிறோம், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. பேப்பர் வீணாகிறதே என்று ஒரு முறை ஆய்வுக்கு வந்தவர் கேட்டார். மேடம் அந்த செவ்வாய்க்கிழமைத் தாளின் நகலை எடுத்துக் காட்டினார், அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.

வரிசையை மீறி ஒருவரை உள்ளே கூட்டிப்போகும்போது இப்போது நான் உரக்கச் சொல்லிவிடுகிறேன்: "இவங்களுக்கு முடியல, முதல்ல பாக்குறோம். உங்களுக்கு இப்படி ஆனாலும் உங்களையும் இப்படித்தான் கூட்டிப்போவேன்." என்ன நோய் என்று சொல்வதில்லை, ஏன் முந்துகிறார் என்று மட்டும் சொல்கிறேன். சொல்லாமல் கூட்டிப்போனால்தான் சண்டை. சொல்லிவிட்டால் நம் ஜனங்கள் வழிவிடுகிறார்கள், சக்கர நாற்காலியைத் தள்ளக்கூட வருகிறார்கள். அன்றைக்குச் சத்தம் போட்ட அதே அப்பா, இன்னொரு நாள் மூச்சுத்திணறலோடு வந்த ஒரு தாத்தாவைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

இன்னும் சரியாகாதது

இரவு. எட்டு மணிக்கு மேல் நானும் ஒரு பணியாளரும் மட்டும்தான், சில நாள் நான் மட்டும். பிரசவ வலியில் ஒரு பெண் உள்ளே இருக்கும்போது வெளியே குடித்துவிட்டு நாலு பேர், மண்டை உடைந்த ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினால் நான் எங்கே போவது? மருத்துவமனைப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, அதன் பலகை எங்கள் சுவரிலும் மாட்டியிருக்கிறது. நள்ளிரவு இரண்டு மணிக்குக் குடித்தவன் பலகையைப் படிக்கமாட்டான். கேட்டுக்கு ஒரு காவலாளி வேண்டும், குறைந்தபட்சம் வெளி விளக்கு எரிய வேண்டும். விளக்கு எரிகிறது, அதுவரைக்கும் வந்திருக்கிறோம்.

மொழியும் அப்படியே இருக்கிறது. சூளைத் தம்பதியின் குழந்தைக்கு அன்றைக்கு நான் என்ன கேட்டேன், அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. இப்போது சூளையில் தமிழ் பேசுகிற மேஸ்திரியின் போன் நம்பரை வாங்கி ஒட்டியிருக்கிறோம், கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறோம். ஆனால் ஒரு பெண்ணின் மாதவிலக்குப் பிரச்சினையை மேஸ்திரி மூலமாகக் கேட்பது எப்படி? பதினைந்து வரியில் இந்திக் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரும்படி பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன்.

ஆட்கள் விஷயம் தனியாக எழுத வேண்டியது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) மூலம் தேர்வாகி வருஷக்கணக்கில் தொகுப்பூதியத்திலேயே வேலை பார்க்கிற சிஸ்டர்களிடம் போய், இன்னும் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள் என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வராது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை மட்டுமாவது ஓ.பி. பக்கம் இரண்டாவது செவிலியர் வேண்டும் என்று மேடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் வரும்வரை, அந்த நாலு மணி நேரத்துக்குக் கிராம சுகாதாரச் செவிலியர்களில் ஒருவர் முறை வைத்து வந்து கர்ப்பிணிகளின் எடையையும் பி.பி.யையும் பார்த்துக்கொள்கிறார். குளுக்கோஸ் குடித்துவிட்டுக் காத்திருக்கிற தாய்மார்களைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்காரவைக்கிறோம், அதனால் சுவரோரப் பெஞ்சு இப்போது என் மேஜையிலிருந்து கடைசிவரை தெரிகிறது.